மையாள் வயிற்றுக் குட்டியைப் பார்க்க வந்தவர்கள்

சங்கிலிமாடனுக்குக் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, வாடகைக்கு எடுத்த அண்டா குண்டாக்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில், தாதன்கரிசல் ஊரின் மேற்குக் கடைசியில் இருக்கும் ஆவுடைத்தாயின் வீட்டு முன்னால் செத்துப்போன நாய்கள் வந்து நின்றன. குரைக்கவில்லை, ஊளையிடவில்லை, வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை. கல்யாண வீட்டுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்ட விருந்தாளிகள், வீட்டுக்காரர்கள் எழுந்து வாசல் தெளிக்கட்டும் என்று தெருவிலேயே நிற்பார்களே, அப்படி முகத்தை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு அமைதியாக நின்றன.

சாணி கரைத்த வாளியோடு வெளியே வந்த ஆவுடைத்தாய் முதலில் பார்த்தது வீமனை. சங்கிலிமாடன் வளர்த்த கடைசிக் கடுவன் நாய் அது. அவரைப் புதைத்த மேட்டில் போய்ப் படுத்து, வைத்த சோற்றை மோந்துகூடப் பார்க்காமல் கிடந்து, காரியத்துக்கு முன்னாலேயே செத்தும் போயிற்று. அவர் காலடியில் குழி தோண்டி அவள்தான் தன் கையால் மண்ணைத் தள்ளினாள். அந்த வீமன் மேலில் ஒரு பொட்டு மண் இல்லாமல், எண்ணெய் தடவின மாதிரி மின்னும் கறுப்பு உடம்போடு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டோடு, கூர்மூக்கை நீட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றது.

"வந்துட்டியாடா," என்றாள் ஆவுடைத்தாய். வாளியைக் கீழே வைத்தாள். நிற்பவர்கள் காலில் சாணித்தண்ணி தெறிக்கக்கூடாது என்று அன்றைக்கு வாசல் தெளிக்கவில்லை.

வீமனுக்குப் பின்னால் நாலு நின்றன. நாலுக்குப் பின்னால் எட்டு நின்றன. அதற்குப் பின்னால் எண்ணிச் சொல்ல முடியாதபடி வரிசை போகப் போக விரிந்து, வண்டிப்பாதையை அடைத்து, உளுந்துக்காட்டில் இறங்கி, பருத்திக்காட்டை மூடி, தூரத்துக் காற்றாலைகளின் காலடிவரைக்கும் பனையோலை விசிறி விரிந்தது போலக் கறுப்பாக விரிந்து கிடந்தது. காற்றாலைகளுக்கு அப்பால் மறுபடி குறுகிக் குறுகி, கண்மாய்க்கரை ஏறி, கரைக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் கோடாக இறங்கிக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போயிற்று. விரிந்தது ஏன் குறுக வேண்டும் என்று நாய் வளர்க்காதவர்கள் கேட்கலாம். தாய்வழியில் பூட்டனாக நிற்கிற நாயே தகப்பன்வழியிலும் பூட்டனாக நிற்கும். வம்சத்தை மேலே மேலே தேடிப் போனால் பல வாசல்களும் ஒரே வீட்டுக்குள்தான் கொண்டுபோய் விடும். ஆவுடைத்தாய்க்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தாதன்கரிசலில் கன்னி என்கிற வேட்டைநாய் வம்சத்தைக் கலப்பில்லாமல் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். மேற்குக் கடைசியில் ஆவுடைத்தாய், கிழக்குக் கடைசியில் சங்கிலிமாடன். மனுஷனுக்குப் பெயர்தான் சங்கிலி, ஆயுசில் ஒரு நாயைக்கூடச் சங்கிலியில் கட்டியதில்லை என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆவுடைத்தாய் புருஷனை இழந்து, பருத்திக்காட்டையும் புருஷன் விட்டுப்போன ஒரு பெட்டை நாயையும் வைத்துக்கொண்டு தனியாக நின்ற காலத்தில், அந்த நாயை இணை சேர்க்க அவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நாயைப் பார்க்கவே இல்லை.

"தாய் பேரச் சொல்லு, தாயி."

"செங்காலி."

"அவ தாய்?"

"மணிக்கழுத்தி."

"அவ தாய்?"

"காத்தாயி. அவளுக்குத் தாய் ஊசி. ஊசிக்குத் தாய் ஒத்தக்காது. ஒத்தக்காதுக்குத் தாய் தும்பை."

"தும்பைக்கு?"

தும்பையோடு அவள் கேட்டிருந்த பெயர்கள் முடிந்தன. சங்கிலிமாடன் குனிந்து அந்த நாயின் தாடையைத் தொட்டு, "தும்பைக்குத் தாய் புயலி. புயலி எங்க வீட்டுல பொறந்தவ. எங்க அய்யன் தங்கச்சிக்குச் சீரா குடுத்தவ. நீ என் வீட்டு நாயத்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்க," என்றார். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணாச்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவே வருஷக்கணக்காகக் குட்டிகள் போயின, வந்தன, சண்டையும் போயிற்று, வந்தது. குதிகால் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கிறது என்று பேசாமல் இருந்த மாதங்கள் உண்டு. வால்நுனி வளைந்திருக்கிறது என்று பொங்கலுக்கு வராமல் போனதும் உண்டு. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து வைத்த சட்டத்தில் மட்டும் சண்டை வந்ததில்லை. கன்னி நாயை விற்கக்கூடாது. கல்யாணச் சீராகத் தரலாம், வெற்றிலைத் தட்டோடு வந்து கேட்பவனுக்குத் தரலாம். உடம்பில் வெள்ளைக் கறை விழுந்த குட்டியைப் பாசத்தோடு வளர்க்கலாம், ஆனால் இணை சேர்க்கக்கூடாது.

"ரத்தம்ங்கிறது ஞாபகம், தாயி," என்பார் சங்கிலிமாடன். "இந்த மண்ணுல எங்க பள்ளம், எங்க முள்ளு, வெயில்ல எவ்வளவு தூரம் ஓடலாம், எந்த ஆளை நம்பலாம், எல்லாம் அதுக்குள்ள இருக்கு. பொறக்கும்போதே தெரிஞ்சுகிட்டுப் பொறக்குது. கறை வந்தா ஞாபகம் எங்கனயோ அந்துபோச்சுன்னு அர்த்தம். அந்தக் கிளைய அதோட நிறுத்திரணும். மனசு கேக்காது. ஆனா நிறுத்திரணும்."

சங்கிலிமாடனும் அவர் மனைவி கோப்பம்மாளும் பிள்ளை இல்லாதவர்கள். அவருக்கு முதல் பிடி மண் போட்டது தூரத்துச் சொந்தத்தில் ஒருவன். போட்ட கையோடு பஸ் ஏறிவிட்டான். அவர் இறந்த வருஷமே நாய்களுக்கும் கெட்ட வருஷம். ரத்தக்கழிச்சல் வந்து இரண்டு வீட்டு நாய்களையும் வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியது அவரிடம் வீமன், இவளிடம் மையாள். அவர் சாகிறதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். சேர்த்த சில நாளில், கிணற்று மோட்டாரை நிறுத்தப் போனவர் அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே, வாசலில் நிற்பவர்களைப் படிக்க ஆவுடைத்தாய்க்கு வெகுநேரம் ஆகவில்லை. வீமனுக்கு நேர் பின்னால் அவனைப் பெற்ற இரண்டும் நின்றன. வீமனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. காலியிடத்துக்கு நேர் பின்னால் மின்னலும் கூர்மூக்கனும் நின்றன. மையாளைப் பெற்றவர்கள்.

அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். சாக்கில் படுத்திருந்த மையாள் தலையைத் தூக்கி, சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரி வெளியே பார்த்து, கொட்டாவி விட்டு, வயிற்றைப் பக்கவாட்டில் சாய்த்து மறுபடி படுத்தது. அந்த வயிற்றுக்குள் இருப்பதன் தாயாதி தகப்பனாதி அத்தனையும் வந்துவிட்டன, பிறப்பைப் பார்க்க.

மையாள் உயிரோடு இருப்பதால் அந்த இடம் காலி. அவ்வளவுதான் என்று ஆவுடைத்தாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வீட்டுப் பின்புறம் போய், பழைய அம்மிக்கல்லை மூச்சிரைக்க உருட்டிக்கொண்டு வந்து, அந்தக் காலியிடத்தில் போட்டாள். இடத்தில் ஒன்று இருந்தால் இன்னொன்று வந்து நிற்க முடியாது அல்லவா?

*

ஊர் அன்றைக்கு மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. உளுந்துக்காட்டுக்காரர் முதலில் பயிர் போச்சே என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். குனிந்து பார்த்தால் அத்தனை காலுக்கு நடுவிலும் ஒரு செடி மடங்கவில்லை, பூ உதிரவில்லை. "நிக்கட்டும், நம்ம ஊர் நாய்தான்," என்று சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டார். களையெடுக்கும் பெண்கள் நாய்களுக்கு நடுவே நிரை பிடித்து, "ஏய், ஒதுங்கு" என்றால் ஒதுங்கின, நிரை தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்தன. வரிசை தார்ரோட்டைக் கடக்கும் இடத்தில் டவுன்பஸ் ஹாரன் அடித்தது, அவை விலகின, பஸ் போனது, சேர்ந்துகொண்டன; இரண்டாம் நாளிலிருந்து டிரைவர் ஹாரன் அடிப்பதை விட்டு, கோயில் முன்னால் மெதுவாகப் போவது போல மெதுவாகப் போனார். சோறு வைத்தார்கள், தொடவில்லை. தண்ணீர் வைத்தார்கள், குடித்தன. குடிக்கக் குடிக்கத் தொட்டியில் தண்ணீர் குறையவில்லை, மண்பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்துபோயிற்று. ஊர் அந்தக் கோடை முழுக்க அந்தத் தொட்டியில்தான் குடித்தது. கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து, ஒன்றின் விலாவில் காதுக்குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். எழுந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. "ஓடுற சத்தம் கேக்குது," என்று மட்டும் சொன்னார்.

வெளியூர்களில் வாக்கப்பட்டுப் போயிருந்த பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள், கல்யாணச் சீராகத் தங்களோடு வந்த நாயைத் தேடி. வந்த புதிதில் புகுந்தவீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் அந்த நாயிடமே பேசி நாளைக் கழித்தவர்கள் அவர்கள். வரிசைக்குள் நுழைந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண்டுபிடித்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாமியார் செத்தது, பிள்ளை வேலைக்குப் போனது, இடுப்பு வலி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் ஏறினார்கள்.

டவுனில் நாய்ச் சங்கம் வைத்திருந்த ரத்தினசிங்கும் வந்தார். பளபளவென்று ஷூ போட்டிருந்தார். இந்த வம்சம் ஏதோ ஒரு ஜமீன் அரண்மனையிலிருந்து வந்தது என்று மேடை மேடையாகப் பேசியவர். வரிசையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, கடைசியில போய்ப் பாத்தா பொன் பட்டை கட்டின நாய் நிக்கும். பாருங்க."

"நிக்கட்டும்," என்றாள் ஆவுடைத்தாய். "குட்டி பொறக்கட்டும். அதுவரைக்கும் யாரும் கடைசிக்குப் போக வேண்டாம். பேறுகாலத்துக்கு வந்தவுகள விசாரிச்சுக்கிட்டுத் திரியறது மரியாதை இல்ல."

கோப்பம்மாள்தான் தினமும் வந்தாள். அவளுக்கு ஆடுதான் உலகம், நாய் ஆகாது. புருஷன் கையில் நாய்வாடை அடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவைத்துச் சோறு போட்டவள். இப்போது கறுப்புச் சேலையும் வெறுங்கழுத்துமாக வந்து, வரிசைக்குள் புகுந்து, நாய்களை விட்டுவிட்டு நாய்களுக்கு நடுவில் தேடினாள்.

"என்ன மதினி தேடுதீக?"

"இத்தனை நாய் வந்திருக்கே ஆவுடை. இந்த மனுசன் மட்டும் வரலையா? நாய் இருக்கிற இடத்துல இல்லாம இவுக வேற எங்க இருப்பாக?"

நாய்கள் அத்தனையும் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றன.

*

மையாளுக்கு வலி எடுத்தது ஒரு வெயில் காலையில். வலி எடுத்ததும் வெளியே நின்ற அத்தனையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன. அந்தச் சத்தம், பெரிய பந்தலின் துணியை ஒரே மூச்சில் இழுத்து இறக்கியது போல ஊர் முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா வந்தார். ஆவுடைத்தாய் முழங்கைவரைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் குட்டி உயிரில்லாமல் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது குறுக்கே நின்றது. மையாள் முனகக்கூட இல்லை. ஆவுடைத்தாயின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தன் உடம்பில் இருந்த ஓட்டத்தையெல்லாம் திரட்டி ஒரே தள்ளாகத் தள்ளி, அந்தக் குட்டியை அவள் கையில் போட்டுவிட்டு, தலையைச் சாக்கில் வைத்தது. வைத்த தலையை மறுபடி தூக்கவில்லை.

வெளியே வாசலில் கல் உருளும் சத்தம் கேட்டது.

ஆவுடைத்தாய் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அம்மிக்கல் ஓரமாகப் புரண்டு கிடக்கும் என்றும், வீமனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறாள் என்றும். குட்டியின் மூக்கில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினாள், துணியால் தேய்த்தாள், அது கீச்சென்றது. உயிருள்ளது, ஆண். துணியை விலக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உடம்பு முழுக்கக் கறுப்பு; ஆனால் முகத்தில் பாதி வெள்ளை. முன்னங்கால் ஒன்றும் வெள்ளை.

ஜன்னலில் நின்ற ரத்தினசிங், "ஐயோ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது கலப்புமா. நாய் எங்கேயாவது தெருப்பக்கம் போயிருக்கும்," என்றார்.

"எங்கயும் போகல."

"அப்ப இந்த வெள்ளை எங்கிருந்து வந்துச்சு?"

ஆவுடைத்தாய் குட்டியின் வெள்ளைக் காலை விரலால் துடைத்துப் பார்த்தாள். இது ஒன்றுதான் மிச்சம். இணை சேர்க்கக்கூடாது என்றால் வம்சம் இதோடு முடிந்தது. சட்டத்தை மறைத்துச் சேர்த்தால் அண்ணாச்சியும் அவளும் இத்தனை காலம் காத்தது பொய்யாகும். அவள் மையாளின் கண்களை மூடிவிட்டாள். எழுந்து, குட்டியை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

"எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்க வேண்டியவுக எல்லாரும் வாசல்ல நிக்காக. கேட்டுட்டு வாரேன்."

"பச்ச உசுர வெயில்ல தூக்கிட்டுப் போறியே, பால் யாரு குடுப்பா?" என்றாள் கோப்பம்மாள். கேட்டுவிட்டு அவளே ஓடிப்போய், ஆட்டைக் கறந்து, சின்னப் புட்டியில் ஊற்றி, பஞ்சுத்திரியோடு எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

மையாள் வீமனுக்குப் பக்கத்தில் நின்றது. ஈரம் காய்ந்து, இளைப்பு நீங்கி, கன்னியாக இருந்த நாளின் மினுமினுப்போடு நின்றது. ஆவுடைத்தாய் முந்தானையை விலக்கிக் காட்டினாள். மோந்து பார்த்துவிட்டு வழிவிட்டது.

இரண்டு பெண்களும் வரிசைக்குள் நடந்தார்கள். சற்றுத் தள்ளி ரத்தினசிங் வந்தார், அவருக்குப் பின்னால் ஊரே வந்தது. ஒவ்வொரு நாயிடமும் ஆவுடைத்தாய் குட்டியின் வெள்ளை முகத்தைக் காட்டினாள். ஒவ்வொன்றும் மோந்து பார்த்து, தன்னிடம் இல்லை, பின்னால் கேள் என்பது போல ஒதுங்கி வழிவிட்டது. செங்காலி ஒதுங்கியது, மணிக்கழுத்தி ஒதுங்கியது, காத்தாயியும் ஊசியும் ஒத்தக்காதும் ஒதுங்கின; பெயரை மட்டும் கேட்டிருந்த தும்பையை ஆவுடைத்தாய் முதன்முதலாகக் கண்ணால் கண்டு, நின்று, அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புயலிக்குப் பிறகு பெயர் தெரியாதவை. கழுத்தில் பனைநார்க் கயிறு கட்டியவை, வெண்கல மணி கட்டியவை, நரி கடித்த தழும்புள்ளவை, பஞ்சகாலத்து நாய்கள் எலும்பெடுத்து, செழித்த காலத்து நாய்கள் தோள் திரண்டு, யாருடைய பசிக்கோ காவலுக்கோ உயிரைக் கொடுத்தவை, யாருடைய தொட்டிலடியிலோ படுத்துக் கிடந்தவை; கறுப்பும் செம்பொட்டும், கறுப்பும் செம்பொட்டும், வெயிலில் மின்னிக்கொண்டு, அசையாமல், ஒன்றுபோல ஒன்று. ஒன்றிடமும் வெள்ளை இல்லை. நடக்க நடக்க ஊர்ப்பேச்சு அடங்கிவிட்டது. காற்றாலையின் இறக்கை சுற்றும் சத்தமும், கோப்பம்மாள் நின்று நின்று திரியில் பால் தொட்டுக் குட்டியின் வாயில் வைக்கும் சத்தமும்தான் கேட்டன.

கண்மாய்க்கரை ஏறி இறங்கியபோது வரிசை ஒற்றைக் கோடாயிற்று. கோடு ஒரு உடைமரத்தடியில் முடிந்தது. அங்கே ஒரே ஒரு பெட்டை நாய் நின்றது.

பொன் பட்டை இல்லை. கழுத்தில் கயிறே இல்லை. விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. முதுகில், யாரோ எந்த வீட்டு வாசலிலோ வெந்நீரை வீசி விரட்டிய வடு, முடி முளைக்காமல் கையகலத்துக்குப் பளபளத்தது. முகத்தில் பாதி வெள்ளை. முன்னங்கால் ஒன்று வெள்ளை. அதற்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. வெறும் கரிசல் வெடித்துக் கிடந்தது வானம் தொடுகிற மட்டும்.

ஆவுடைத்தாய் அதன் முன்னால் போனாள். உட்கார்ந்து குட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். அந்த நாய் பயந்து ஒரு அடி பின்வாங்கியது. மனிதக் கை நீண்டால் பின்வாங்கியே பழகியது அது. பிறகு கழுத்தை நீட்டி, மோந்து, குட்டியின் வெள்ளைப் பாதியை மட்டும் மெல்ல நக்கிவிட்டது. தன் வழியில் எத்தனை ஆயிரம் வந்து நிற்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்க வழியில்லை. வெந்நீர்ப் புண்ணோடு எந்தப் புதரிலோ படுத்து, யாரும் வேண்டாம் என்ற வயிற்றில் சுமந்து, அது ஈன்றதுதான் இத்தனை ஓட்டமும், இத்தனை காவலும், இத்தனை கல்யாணச் சீரும்.

ரத்தினசிங் குனிந்து ஷூவைக் கழற்றினார். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு நின்றார்.

*

திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஊர் தெரியும் தூரத்தில், சங்கிலிமாடன் தன் ஆயுசில் வளர்த்த நாய்கள் நிற்கும் இடத்தில், கோப்பம்மாள் சட்டென்று ஆவுடைத்தாயின் கையைப் பிடித்தாள்.

"இதுக எங்க பாக்குதுக?"

அதுவரைக்கும் வீட்டு வாசலையே பார்த்து நின்ற நாய்கள், பிறப்பு முடிந்துவிட்டதால், முகத்தைத் திருப்பியிருந்தன. கழுத்தில் பட்டைத் தடம் இல்லாத நாய்கள் அத்தனையும் ஒரே இடத்தை நோக்கி, தலையை மேலே தூக்கி, ஒரு ஆள் நின்றால் அவன் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்து, காதைப் பின்னால் மடக்கி வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் யாரும் இல்லை. உளுந்துச்செடிகள் மட்டும் இருந்தன.

ஆவுடைத்தாய் அந்த இடத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி. கடைசி வரைக்கும் போயிட்டு வாரேன். ஞாபகம் அந்துபோகல. இதுதான் பழைய ஞாபகம். நாமதான் அம்புட்டுத் தூரம் போய்ப் பாக்கல." முந்தானையை அவிழ்த்துக் குட்டியைக் காட்டினாள். "இத வம்சத்துல சேக்கப்போறேன். ஒங்களுக்குச் சம்மதமில்லைன்னா இப்பவே சொல்லிருங்க."

காற்று நின்றிருந்தது. நாய்களின் தலைகள் அத்தனையும், ஒன்றுகூடப் பிசகாமல், மெதுவாகத் தாழ்ந்தன. நின்ற ஆள் குத்தவைத்து உட்கார்ந்தால் அவன் முகம் எங்கே வருமோ அந்த உயரத்துக்கு வந்து நின்றன. எந்தக் குட்டியையும் முதன்முதலாகப் பார்க்கும்போது சங்கிலிமாடன் எதிரே குத்தவைத்து அதன் முகத்தில் மெல்ல ஊதுவார். உயிர்ப்புள்ள குட்டியானால் கழுத்தை நீட்டும். ஆவுடைத்தாயின் கையில், கண் திறக்காத குட்டியின் நெற்றிமுடி லேசாக விலகியது. குட்டி அழுகையை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டியது.

கோப்பம்மாள் பால்புட்டியோடு அந்த இடத்துக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நாய் பொறந்தா வாரீக," என்றாள். "நான் ஒத்தையில கெடக்கேன், என்னயப் பாக்க வந்தீகளா?"

நாய்களின் பார்வை மெல்லக் குட்டியை விட்டு நகர்ந்தது. அத்தனை கண்களும் கோப்பம்மாளுக்கு நேர் எதிரே, அவள் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றன. அவள் முகம் மாறியது. சேலைத்தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஊர்க்காரர்கள், புருஷன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் நிற்கக்கூடாது என்று கலைந்து போனார்கள்.

மழை சீக்கிரமே வந்தது. முதல் தூறல் விழுந்ததும் கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து, உடம்பை உதறி, உதறிய துளிகளோடு துளிகளாகப் போயின. வீமனும் மையாளும் கடைசியாகப் போயின. மறுநாள் காடு பச்சையாக இருந்தது. ஆவுடைத்தாய் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி, குட்டியை வைத்து, வெற்றிலைத் தட்டோடு கிழக்குக் கடைசிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"எனக்கு நாய் ஆகாதுன்னு தெரியாதா ஒனக்கு?" என்றாள் கோப்பம்மாள்.

"ஆட்டுப்பாலு ஒங்ககிட்டதான இருக்கு, மதினி."

குட்டி கோப்பம்மாளின் ஆடுகளுக்கு நடுவே கண் திறந்து, ஆடுகளுக்கு நடுவே நடை பழகியது. ஒருநாள் ஆவுடைத்தாய் வந்திருந்தபோது, கதவிடுக்கில் நழுவி, தெருவைத் தாண்டி, களையெடுப்பு நடக்கும் உளுந்துக்காட்டுக்குள் ஓடிவிட்டது.

"கூப்பிடுங்க மதினி, ரோட்டுப்பக்கம் போயிரும்."

"என்ன பேரச் சொல்லிக் கூப்பிட? நீதான் பேரே வைக்கலயே."

"வளக்கிறது நீங்க. நீங்க வைக்கிறதுதான் பேரு."

கோப்பம்மாள் காட்டைப் பார்த்தாள். தாலி கட்டின நாளிலிருந்து அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், பக்கத்தில் நிற்பவரைக் காட்டி, "இவுககிட்ட கேளுங்க, சொல்லுவாக," என்பாள். வரப்பில் ஏறி நின்றாள், சேலையை இழுத்துச் செருகினாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"ஏலே... சங்கிலீ!"

களையெடுத்த பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். காட்டின் நடுவில் பச்சைக்கு மேலே ஒரு பாதி வெள்ளை முகம் எழும்பித் திரும்பியது. பிறகு நாலு காலும் ஒன்றாக மண்ணைவிட்டுக் கிளம்ப, செடிகளுக்கு மேலே நீந்துவது போல அது ஓடி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கோப்பம்மாள், கையை எடுத்துவிட்டு, இன்னும் உரக்க, மறுபடியும் கூப்பிட்டாள்.